இன்னொரு பட்டி

பெருநாள் விடுமுறைக்குத் தியாகராசா ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக் காருக்குப் பின்னால் கொளுவினார். சார்ஜாவிலிருந்து புஜைராக் கடற்கரைக்குப் பயணம். மனைவி சிவமலர், மகள் கஜானி, வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருந்த சிவமலரின் தம்பி நிருபன் ஆகியோரும் கிளம்பினார்கள்.

சைக்கிள் இரண்டையும் கேரவனின் பின்பக்கக் கம்பியில் நிருபன்தான் ஏற்றிக் கட்டினான். கட்டி முடித்தும் அவனுக்குத் திருப்தியில்லை.

"அத்தான், கேரவன்ர வால்பக்கம் நல்லாத் தூக்கித் தூக்கிப் போடும். சைக்கிள் சில்லுகளுக்கும் இன்னொரு பட்டி போட்டு இறுக்கவேணும். கடைக்குப் போட்டு ஓடி வாறன்."

"இது காணும். வெயில் ஏற முதல் வெளிக்கிடுவம்."

புஜைராவை நெருங்கும்போது, சாலை வேலை நடந்த இடத்தில் கேரவன் பலமாகத் துள்ளியது. பக்கக் கண்ணாடியில் தியாகராசா பார்த்தார். கஜானியின் சைக்கிள் தார் ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது. பின்னால் வந்த டெலிவரி மோட்டார் சைக்கிள் அதில் மோதித் தூக்கியெறியப்பட்டது.

அவர் ஓடிப்போனபோது மோட்டார் சைக்கிளை ஓட்டிவந்த இளைஞன் தமிழில்தான் முனகிக்கொண்டிருந்தான். ஐயப்பன், சிவகங்கைப் பக்கம். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியை எட்டுமுன் உயிர் போய்விட்டது.

சைக்கிளைக் கட்டியது யார் என்று போலீஸ்காரர் கேட்டார். நிருபன் வெளிறிப்போய், "நான்..." என்று வாயெடுத்தான். தியாகராசா அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"அவன் இன்னும் கட்டவேணும் எண்டவன். நான்தான் வேண்டாமெண்டு மறிச்சனான்," என்றார். அதை ஆங்கிலத்திலும் சொன்னார்.

அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா முடிந்து நிருபன் வேலையில்லாமலே ஊர் திரும்பினான். வீட்டில் சிவமலர் சோற்றைப் போட்டு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

வழக்கு நாளன்று நீதிமன்ற வாசலில் ஐயப்பனின் அண்ணன் கார்மேகம் நின்றிருந்தார். கட்டட சைட்டிலிருந்து டூட்டி உடுப்போடே வந்திருந்தார். அடிப்பார், ஏசுவார் என்று தியாகராசா எதிர்பார்த்தார். அவர் கிட்ட வந்து மெல்லக் கேட்டார்.

"கடைசியா தம்பி ஏதாச்சும் பேசுனானாங்க?"

தியாகராசாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தண்ணி கேட்டவர். குடுக்கக்கூடாதெண்டு சுத்தி நிண்ட ஆக்கள் மறிச்சவை. நான் குடுக்கேல்லை."

கார்மேகம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். உள்ளே பெயரைக் கூப்பிடும் வரைக்கும் அவர் திரும்பவேயில்லை.