மூடப்போகும் தளத்துக்கு ஒரு கடிதம்

பிறந்த மூன்றாம் நாள் என்னை ஹாசர்ட் ஊர்ப் பேருந்து நிலையத்துப் பெஞ்சில் விட்டுப் போயிருக்கிறார்கள். டெல்பர்ட் என்பது ஆஸ்பத்திரித் தாதி வைத்த பெயர். இதை நான் துக்கமாகச் சொல்லவில்லை. அறுபத்திரண்டு வயதில் துக்கப்பட நேரமில்லை. அப்பன் யார் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் தேய்த்து அனுப்பினால் ஆய்வுக்கூடம் முப்பத்தேழு எண்கள் தரும். அப்பன், அவன் அப்பன் என்று ஆண்வழியில் அநேகமாக மாறாமல் வரும் எண்கள். அவற்றை இலவசமாகப் பதிந்து, ஒத்துப்போகிறவரைத் தேட ஒரு இணையதளம் இருந்தது. நான் ஐம்பது தாண்டி எழுத்துக் கற்றவன். நூலகக் கணினியில் ஒற்றை விரலால் இரண்டு சனிக்கிழமை தட்டினேன். நான்கு வருஷமாக ஒருவரும் ஒத்துவரவில்லை.

மே மாதம் தளத்தில் அறிவிப்பு வந்தது. ஐரோப்பாவில் புதுத் தனியுரிமைச் சட்டமாம். அதன்படி நடத்த எங்களால் முடியாது, வரும் வியாழனோடு மூடுகிறோம் என்று போட்டிருந்தார்கள்.

நூலகத்தில் வேலைபார்க்கும் டாபிதா தளத்தில் என் எண்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"மிஸ்டர் டெல்பர்ட், உங்க லேப் மூணு எண்ண மட்டும் ஒவ்வொண்ணு கம்மியா எண்ணும். அதுல ஒவ்வொண்ணு கூட்டிப் போடணும்னு கீழ எழுதியிருக்கே, படிக்கலையா?"

"பொடி எழுத்தும்மா. விட்டுட்டேன்."

மூன்றையும் திருத்தித் தேடினாள். ஒரே ஒருவர் வந்தார். முப்பத்தேழும் ஒத்துப்போனது. பெயரை மறைத்திருந்தார், பக்கத்து மாவட்டமான லெட்சர் கவுண்டி என்று மட்டும் இருந்தது. தளத்தின் வழியாகத்தான் கடிதம் அனுப்ப முடியும்.

"நான் டைப் பண்ணித் தரட்டுமா?"

"வேண்டாம்மா. இத நானே எழுதணும்."

நான் வேலைபார்க்கும் சிமெண்ட் கல் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் தாளில் எழுதினேன். கூட வேலைபார்க்கும் லானி சாண்ட்விச்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா, காதல் கடிதமா? இந்த வயசுல எவ சிக்கினா?"

"அப்பன் வீட்டுக்கு."

"சொத்துல பங்கு கேக்குறேன்னு துப்பாக்கியத் தூக்கிட்டு வரப்போறாங்க பாரு."

"வரட்டும். மூஞ்சியாவது பார்ப்பேன்."

எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. புதன்கிழமை நூலகத்தில் அதைத் தட்டினேன். டாபிதா அன்று விடுப்பு. இந்தத் தடவை பொடி எழுத்து ஒன்றையும் விடவில்லை, விரல் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் விலாசமோ போன் நம்பரோ எழுதக்கூடாது, பதில் தளத்தின் வழியே வரும் என்றிருந்தது. அடியில் போட்டிருந்த என் விலாசத்தை அழித்துவிட்டு அனுப்பினேன்.

விலாசத்தை அழித்து அனுப்பியதை வெள்ளிக்கிழமை டாபிதாவிடம் சொன்னேன். அவள் தளத்தை அமுக்கிப் பார்த்தாள், திறக்கவில்லை.

"தளத்தத்தான் மூடிட்டாங்களே. அவர் படிச்சிருந்தாக்கூட எங்கன்னு பதில் போடுவார்?"

"எழுதக்கூடாதுன்னு போட்டிருந்துச்சும்மா."

"வேற தளத்துல தேடலாம். அங்கயும் அவர் இருந்தா..."

"தேடலாம்" என்றேன்.

அவள் இன்னொருமுறை அமுக்கிப் பார்த்தாள். பக்கம் இல்லை என்று வந்தது. பின்னால் ஒருவர் கணினிக்காக நின்றுகொண்டிருந்தார். எழுந்து இடம் விட்டேன்.

மறுநாள் ஆலையில் ஓவர்டைம். போனேன்.

"பதில் வந்துச்சா?" என்றான் லானி.

"இல்ல. இந்தப் பலகையோட அந்த முனையப் பிடி."