வாழைமரம் கட்டிய மூன்று சக்கரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. தொண்ணூற்றெட்டில் ஒருநாள் பட்டுக்கோட்டை சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மீன் மூக்கு மாதிரி முன்பக்கம் கூர்ந்த மூன்று சக்கர வண்டி ஒன்று போனது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகவே செய்த வண்டி என்பது பார்த்தாலே தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் ஆளுயர வாழைமரம் கட்டியிருந்தார்கள்! டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். ஓட்டிப்போன பெண் சிரிக்கவில்லை. அந்த முகம்தான் என்னை எழுத உட்காரவைத்தது. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"காவிரி வறண்டிருந்த அந்த வருஷத்தில்..."

(வேண்டாம். எவன் எழுதினாலும் காவிரி வறண்டுதான் தொடங்குகிறது.)

"குவைத்தில் வெல்டிங் வேலை பார்த்த ஜோசப்ராஜ் ஒருநாள் புதுமையான வண்டி ஒன்றை..."

(இப்படி மூன்று பக்கம் ஓட்டினேன். அவன் மனைவி ரோஸ்லினுக்குக் காப்பி கொண்டுவரும் வேலை மட்டும் கொடுத்திருந்தேன். கதை இம்மியும் நகரவில்லை. ஓட்டிப்போனது பெண் என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டு இப்படி எழுதினேன் பாருங்கள், என்னை என்ன சொல்ல!)

ஆகவே மாற்றுகிறேன். வண்டியை வடிவமைத்தவள் ரோஸ்லின், தஞ்சாவூரில் மெக்கானிக்கல் படித்தவள். வெல்டிங் மட்டும் ஜோசப்ராஜ். குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான்.

3

மற்ற வண்டிகளில் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் சக்கரத்துக்கு வெளியே இருக்கும். ரோஸ்லின் அதைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட்டாள். நடு அச்சுக்கும் வெளி வளையத்துக்கும் இடையே வளைந்த மூன்று பட்டைகள். பள்ளத்தில் இறங்கினால் அவைதான் வளைந்துகொடுக்கும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காததால் அடிப்பக்கத்தையும் வழவழவென்று மூடிவிட்டாள். காற்று எங்கும் சிக்காது, டீசல் மிச்சமாகும். (இன்ஜினியர்கள் பிழை கண்டால் தபால் போடலாம். பதில் போடமாட்டேன்.)

பட்டுக்கோட்டை தேங்காய் வியாபாரி துரைக்கண்ணு ஒரு பந்தயம் வைத்தார்.

"தேங்காய் ஏத்திக்க. நானும் ஒக்காந்து வர்றேன். ஒரே லிட்டர் டீசல்ல தஞ்சாவூர் போயிட்டா, எனக்கு மூணு வண்டி செஞ்சு குடும்மா. போவலன்னா பேச்சே வேண்டாம்."

ஜெயித்தால் ஜோசப்ராஜுக்கு ஊரிலேயே வேலை. பேச்சே இல்லையென்றால், வெள்ளிக்கிழமை அவன் குவைத்துக்கு விமானம் ஏறவேண்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் வீட்டிலிருந்தது இரண்டு லீவுகள்தான்.

"இந்தத் தடவ போனீங்கன்னா, திரும்பி வர்றப்ப என்னைய அடையாளம் தெரியுதான்னு பாருங்க" என்றாள் ரோஸ்லின். அவன் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

4

கிளம்பும் நாளன்று துரைக்கண்ணு வீட்டார் வண்டிக்குப் பூசை போட்டார்கள். சந்தனம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் சரி. கடைசியில் இரண்டு பக்கமும் வாழைமரத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இலைகள் காற்றைப் பிடிக்கும் என்று ரோஸ்லினுக்குத் தெரியும். வேண்டாமென்றால், வேதக்காரப் பெண் பூசையை அவமதித்துவிட்டாள் என்று ஆகிவிடும். சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். பின்னால் துரைக்கண்ணு, ஜோசப்ராஜ், தேங்காய்.

பாதி வழியான ஒரத்தநாடு வருமுன்பே டீசல் பாதிக்குக் கீழே போய்விட்டது. வாழையிலைகள் காற்றை வாரிப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுத்தன.

இங்கேதான் என் பேனா பழைய தடத்தில் இறங்கியது:

"எஞ்சின் இருமி நின்றது. வெள்ளிக்கிழமை விமானத்தின் ஜன்னலோரத்தில் ஜோசப்ராஜ்..."

(அடச்சே! நம் கதைகளில் புதிதாக ஒன்றைச் செய்கிறவர்கள் தோற்றே தீரவேண்டுமா? அடித்துவிட்டேன்.)

5

ரோஸ்லின் வண்டியை ஓரங்கட்டினாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்த வாழைமரம் ரெண்டும் காத்தப் புடிச்சு இழுக்குது. அவுத்தாத்தான் போய்ச் சேருவோம்."

"மங்களமாக் கட்டுனத நடுவழியில அவுத்துப் போடறதா? நல்லா இருக்கே!"

"போட வேண்டாங்கய்யா. அதோ பிள்ளையார் கோவில் இருக்கு. வாசல்ல கட்டிடுவோம்."

துரைக்கண்ணு தாடையைச் சொறிந்தார். "அட, அதுல பாதகமில்லியே."

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு மரமாகத் தூக்கிப்போய்க் கட்டினார்கள். சிலுவைச் சங்கிலி போட்ட பெண் வாழைமரம் கட்டுவதை வாயைப் பிளந்து பார்த்த குருக்கள், போகும்போது விபூதித் தட்டை நீட்டினார். அவளும் தயங்காமல் வாங்கிக்கொண்டாள்.

பிறகு பார்க்கவேண்டுமே! வண்டி பிய்த்துக்கொண்டு போனது. குண்டும் குழியுமான சாலையில், துரைக்கண்ணு பாட்டுக்கு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வந்தார். வேட்டியில் ஒரு பொட்டுக்கூடச் சிந்தவில்லை. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிய எனக்கே சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, போங்கள்.

6

முடிவை இரண்டு விதமாக எழுதிப்பார்த்தேன். ஒன்றில் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். (புளுகு.) இன்னொன்றில் பெரிய கம்பெனி ஒன்று வடிவத்தைத் திருடிக்கொள்கிறது. (விமர்சகர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.) ஆகையால் இப்படி:

துரைக்கண்ணு இறங்கி வேட்டியை உதறினார். "மூணு வண்டி. தை பொறக்கறதுக்குள்ள வேணும்."

"தை ரொம்பக் கிட்டங்கய்யா. நல்ல வெல்டரா ஒருத்தரத் தேடணும்" என்றாள் ரோஸ்லின். கணவன் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை.

"எதுக்குத் தேடற?" என்றான் ஜோசப்ராஜ். "நாந்தான் இங்கயே இருக்கப்போறேனே."

அதைக் கேட்டு அவள் அழுதாளா, சிரித்தாளா, பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் அவன் கையைப் பிடித்தாளா? அந்த வரியை உங்களுக்கு விட்டுவைத்திருக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவனை மட்டும் விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள். பாடுபட்டு இறக்கிவைத்திருக்கிறேன்.