நாற்பது கட்டு

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு மதியம் மாண்ட்ரியாலை ஒட்டிய புரோசார்டில், அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: ஓய்வுபெற்ற பொறியாளர் ஜெயராம், அவர் மனைவி கிரிஜா, ஐஸ்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஹம்சினி, தமிழ்ச் சங்கத் தலைவர் ஸ்ரீகுமார், அவர் மனைவி பூர்ணா. அங்கே நடந்த பேச்சு இவர்களைத் தவிர வேறு யார் காதிலும் விழவில்லை.

கூடம் முழுக்க டாய்லெட் பேப்பர் அடுக்கியிருந்தது. நாற்பது கட்டு.

ஹம்சினி வேலை பார்ப்பது ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு துறைமுக ஊரில். ஊருக்கு ஒரே விளையாட்டுக் கழகம். கோடையில் கால்பந்து ஆடுகிறவர்களே பனிக்காலத்தில் ஹேண்ட்பாலும் ஆடுவார்கள்; ஹம்சினியும் அவர்களில் ஒருத்தி. வெளிநாட்டுப் போட்டிக்குப் போவதென்றால் ஆட்டக்காரர்களே வீடுவீடாக டாய்லெட் பேப்பர் விற்றுப் பயணச் செலவைச் சேர்ப்பது அங்கே வழக்கம். கோல்கீப்பர் பள்ளித் தலைமை ஆசிரியை; அவரும் விற்கிறார். ஊர் வீடுகளில் சின்னப் பிள்ளைகளின் அணி முந்திக்கொண்டு விற்றுவிட்டது. தன் பங்கை மாண்ட்ரியாலில் விற்பதாகச் சொல்லி வந்த ஹம்சினி, இங்கேயே மொத்தக் கடையில் வாங்கி அடுக்கிவிட்டாள்.

ஜெயராம் இரண்டு நாளாக ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்ற வெட்கம்தான்; அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

"என்ன சார், குடோன் எடுத்திருக்கீங்களா?" என்றார் ஸ்ரீகுமார்.

"நேத்து எங்க கதவையும் தட்டினா. நான் டெலிவரின்னு நினைச்சுட்டேன்" என்று சிரித்தாள் பூர்ணா.

"ரெண்டு கட்டு சொன்னீங்களே ஆன்ட்டி, எடுத்து வச்சிருக்கேன்."

ஸ்ரீகுமார் செக் புத்தகத்தை எடுத்து, ஒரு செக்கைக் கிழித்து நீட்டினார். "எதுக்கும்மா இதெல்லாம்? மொத்தத்துக்கும் நானே எழுதித் தர்றேன். சரக்கைக் கடையில திருப்பிக் கொடுத்துடு. சனிக்கிழமை சங்கத்துப் பொங்கல் விழாவுல அப்பா குத்துவிளக்கு ஏத்தறார். நாலு பேர் என்ன பேசுவாங்க?"

ஹம்சினி செக்கைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "எல்லாரும் வித்துட்டு வருவாங்கப்பா. நான் மட்டும் தானம் வாங்கிட்டு வந்தேன்னு நிக்கணுமா? அப்படின்னா நான் டீமோட போகல."

ஜெயராம் எழுந்தார். செக்கை மடித்து ஸ்ரீகுமாரின் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்க வீட்ல யாரும் கை நீட்டினதில்ல, ஸ்ரீகுமார். சரக்கு இருக்கு. வேணும்னா காசு கொடுத்து எடுத்துட்டுப் போங்க."

"அப்ப விளக்கு?"

"யார் வேணா ஏத்துங்க."

கிரிஜா போய்த் திரையை விலக்கினாள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டை இடுக்கிக்கொண்டு ஸ்ரீகுமார் பனியில் கார் வரைக்கும் நடந்ததைத் தெருவே பார்த்தது.

சனிக்கிழமை, விழா நடந்த வில்லரே மண்டபத்துக்குள் ஜெயராம் பட்டு வேட்டியும், மேலே மகளின் கழகத்து நீலச் சட்டையுமாக வந்தார். பின்னால் தள்ளுவண்டியில் முப்பத்தெட்டு கட்டு. யாரோ சிரித்தார்கள். அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

முதலில் வந்தவர் யாழ்ப்பாணத்து மகேந்திரராசா. வாலிபால் கழகம் நடத்துகிறவர்.

"அண்ணை, எனக்கு நாலு தாங்கோ. நாங்கள் வொலிபோல் நெற் வாங்க மீன் ரோல்ஸ் வித்தனாங்கள். மிஞ்சினதை ஒரு கிழமை நாங்களே திண்டம். இது பழுதாகாதெல்லே!"

சிரித்தவர்களும் வரிசையில் நின்றார்கள். குத்துவிளக்கை ஸ்ரீகுமாரே ஏற்றிக்கொண்டார். திரி அணைவதற்குள் வண்டி காலி. ஈஸ்டருக்கு ஹம்சினி அணியோடு ஸ்வீடன் போனாள்.

ஜெயராம் கஷ்டத்தில் மண்டப வாசலோரம் ஒதுங்கி நின்று டாய்லெட் பேப்பர் விற்றார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அவர் உள்ளே, மேடைக்கு நேர் எதிரே நின்று விற்றார்.