கட்டில் இரண்டாம் தொகுதி, சோபா மூன்றாம் தொகுதி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு குறட்டையில். மறைப்பானேன், என் கணவர் டெல்பர்ட்டின் குறட்டை.

எங்கள் நூலகத்து எழுத்துக் குழுவுக்கு நான் ஒரு கதை கொடுத்தாக வேண்டும். பெயரை மாற்றி எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்:

"அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோள வயல்களுக்கு நடுவே பெர்னடைன் என்றொரு அழகிய பெண்மணி..."

(அடித்துவிட்டேன். ஊருக்கே தெரிந்த சங்கதிக்கு முக்காடு எதற்கு? பெர்னடைன் நான்தான், பெயர் ஆர்லிஸ். "அழகிய" மட்டும் இருக்கட்டும்.)

2

(இது கட்டுரை மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிடுங்கள்.)

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஆட்சிக் குழுவில் தொகுதிக்கு ஓர் உறுப்பினர். அவர் அந்தத் தொகுதியில் குடியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஓட்டுப் போடுவது கவுண்டி முழுவதும். மாப்பிள்ளை இந்தத் தெருக்காரராக இருக்க வேண்டும், பிடித்திருக்கிறதா என்று சொல்வது மட்டும் ஊர் மொத்தமும்.

போன மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். கோடு எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. படுக்கையறை இரண்டாம் தொகுதி; கூடமும் சமையலறையும் மூன்றாம் தொகுதி. ஒருவர் எங்கே தூங்குகிறாரோ அங்கேதான் குடியிருக்கிறார் என்பது அதிகாரிகளின் வாதம்.

குழுவில் இரண்டாம் தொகுதியின் இடம் காலியானது. பண்ணைச் சாலைகளுக்கெல்லாம் சரளை போட வேண்டும் என்று இருபது வருஷமாகப் புலம்பும் டெல்பர்ட் மனுப் போட்டார். எதிர்த்து நிற்கும் லீலண்ட் உடனே ஆட்சேபித்தார்.

"அவன் தூங்குறது கூடத்து சோபாவுல. ஜன்னல் வழியா தெருவே பாக்குது!"

உண்மைதான். குறட்டை தாங்காமல் நான்தான் அவரைச் சோபாவுக்கு அனுப்பியிருந்தேன். ஆறு வருஷம் ஆகிறது.

3

இந்த இடத்தில் கதாநாயகன்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

"ஆர்லிஸ், வெள்ளிக்கிழமை விசாரணை. கட்டிலுக்கு வந்துடட்டுமா?" என்றார், தொங்கிய முகத்துடன்.

"இத்தனை வருஷமா வராத ஞாபகம் இப்ப வந்துடுச்சாக்கும்?"

"எல்லை அப்படிப் போகுதும்மா. நான் என்ன பண்ண?"

"அப்ப எல்லையையே கட்டிப் புடிச்சுத் தூங்குய்யா."

(இதைத் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு டெல்பர்ட் சொல்வது: "தொங்கிய முகமா? ஓட்டுப் போயிடும்டி. 'உறுதியான முகம்'னு போடு." போட மாட்டேன்.)

எனக்கு வலித்தது. ஓட்டுக்காக இல்லாமல் எனக்காக ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

4

விசாரணைக்கு முன்பே மூன்று முடிவுகளை எழுதி வைத்திருந்தேன்.

முதலாவது: நான் "சோபா" என்கிறேன். லீலண்ட் போட்டியே இல்லாமல் ஜெயிக்கிறார். என் வீட்டில் சாகும்வரை மௌன விரதம்.

இரண்டாவது: "கட்டில்" என்கிறேன். சத்தியம் செய்துவிட்டுப் புளுகிய கிழவிக்குத் தேவாலயத்தில் யார் காபி ஊற்றுவார்கள்?

மூன்றாவது: "கைகோர்த்தபடி இருவரும் அந்தி வெயிலில்..." (சீ.)

5

நடந்தது வேறு. நீதிமன்றக் கட்டடத்தில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

"சொல்லுங்கம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க தூங்குறாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் டெல்பர்ட் எழுந்துவிட்டார்.

"அவளப் பொய் சொல்ல வைக்காதீங்க. நான் சோபாவுலதான் தூங்குறேன்."

லீலண்டுக்கு வாயெல்லாம் பல். டெல்பர்ட் என் பக்கம் திரும்பினார்.

"சீட்டு போச்சு. இப்ப கேக்குறேன் ஆர்லிஸ். கட்டில்ல எனக்கு இடம் இருக்கா?"

அந்த ஒரு கேள்வியில் நான் உருகிப் போனேன். பாழாய்ப்போன அந்த அம்மாள் விட்டால்தானே?

"சீட்டு இன்னும் போகலைங்க. தேர்தல் அன்னிக்கு அவர் எங்க குடியிருக்காருங்கறதுதான் சட்டப்படி கணக்கு. அம்மா, உங்க பதிலைச் சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறோம்."

"நடிக்கிறான்! தெரிஞ்சேதான் கேக்குறான்!" என்று லீலண்ட் குதித்தார்.

டெல்பர்ட்டின் காது சிவந்திருந்தது. நானறிய அவருக்கு நடிக்க வராது. ஆனால் தேர்தலில் நிற்கும் மனிதரை எப்படி நம்புவது? எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு,

"அது வந்துங்க..."

(இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. எங்கள் கவுண்டியில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. உங்களுக்கும் ஒன்று தருகிறேன். கட்டில் என்னுடையது, பார்த்துப் போடுங்கள்.)