அலபாமா குகையில் ஒரு பச்சை வெளிச்சம்

விடியற்காலையில் சுகர் லேண்ட் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தூறல். லூசியானா தாண்டுவதற்குள் வைப்பர் அடித்து மாளவில்லை. ஆனாலும் ஜோசபினுக்கு சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த நர்ஸ் அவள். சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்ததும், மின்னும் புழு இருக்கிற அலபாமா குகைக்குத்தான் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"புழுவப் பாக்க பதினோரு மணி நேரம் டிரைவ் பண்ற ஒரே தமிழ்க் குடும்பம் நாமதான்," என்றான் கணவன் பிலிப். "அட்லாண்டால வேலுமணி பிரியாணி போடறேன்னு கெஞ்சினான்."

"ரோட்டப் பாருங்க. மழை நின்னுடும்."

"நிக்காம, குகையை மூடிட்டா?"

"அப்புறம் எல்லா லீவும் உங்க வேலுமணி வீட்லதான். நான் வாயே திறக்க மாட்டேன், போதுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, மழை நிற்கணுமே என்று ஒரே வேண்டுதல்தான். காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் கிடந்த வேளாங்கண்ணி ஜெபமாலையை வழியெல்லாம் உருட்டினாள்.

மழை நிற்கவில்லை. ஆனால் குகையை மூடவும் இல்லை! "தண்ணி ஏறுது, இதுதான் கடைசி ட்ரிப்" என்று கைடு அவசரப்படுத்த, எலுமிச்சை சாத டப்பா இருந்த பையோடு ஜோசபின் முதல் ஆளாய் ஓடினாள். "மாம், ஃபுட் எதுக்கு?" என்று மகள் ரெபெக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே கைடு டார்ச்சை அணைத்தார். கும்மிருட்டு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒன்றுமே இல்லை.

"பிரியாணி..." என்று பிலிப் ஜோசபின் காதில் முணுமுணுத்தான். அவள் மழைக்கோட்டின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மாம்! கிரீன்! ஐ சீ இட்!" என்று ரெபெக்கா கத்தினாள்.

கூட்டமே திரும்பியது. ஆகா, எத்தனை பச்சைப் புள்ளிகள்! கைடு கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மணி மணியாய், வரிசை பிசகாமல், கீழே ஒரு சிலுவையோடு! ஜோசபினின் ஜெபமாலை. இருட்டில் ஒளிர்கிற மணிகள். கார் விளக்கைப் பகலெல்லாம் குடித்திருந்தன.

குகை முழுக்கச் சிரிப்பு. கைடு மட்டும் சிரிக்கவில்லை. வெளிச்சம் பட்டால் புழு மின்னாதாம். ஐந்தே நிமிஷம், அப்புறம் எல்லாரும் மேலே ஏறியாகணுமாம்.

ஜோசபினுக்கு உயிரே போய்விட்டது. "டப்பாவத் திற ஜோசி!" என்றான் பிலிப். எவர்சில்வர் டப்பாவில், மிச்சமிருந்த சாதத்தின் மேலேயே மாலையை வைத்து, "மாதாவே, அஞ்சே நிமிஷம், மன்னிச்சுக்கோம்மா" என்று மூடியை அழுத்தினாள்.

இருட்டு.

தலைக்கு மேல் ஒன்று மின்னியது. பக்கத்தில் இன்னொன்று. பத்து, நூறு... பாறை முழுக்க நீல நீலமாய்ப் பொடிப்பொடி வெளிச்சம்! ஜோசபின் பிலிப்பின் கையை நகம் பதிய இறுக்கினாள்.

"என்னங்க, அடுத்த லீவு அட்லாண்டாவா?"

"வேலுமணிய இங்க வரச் சொல்லலாம்," என்றான் அண்ணாந்தபடியே. "பிரியாணியோட."