நான்காவது தட்டு

பாவ்லக்குக்கு நான் தரவேண்டியது அறுநூற்று நாற்பது டாலர். நானூறு, டிசம்பர் குளிரில் வீட்டு ஹீட்டர் செத்தபோது வாங்கியது. மீதி, பந்து தேய்க்கும் ஸ்பின்னர் வாங்க. ஈடாக என் பிக்கப் வண்டியின் உரிமைத்தாள் அவர் சட்டைப்பையில் இருந்தது. சட்டைப்பை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை பௌலிங் ஆட்டத்துக்கும் அதை மடித்து வைத்துக்கொண்டுதான் வருவார். ரெண்டு பீர் உள்ளே போனால் எடுத்து விசிறிக்கொள்வார்.

டெல் பாவ்லக் எங்கள் இரும்பு வார்ப்பாலையில் ஃபோர்மன். பௌலிங் அணிக்கும் அவர்தான் தலைவர். கனத்த பந்தை ஓடுபாதையில் உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம் அது.

ஸ்பின்னர் வாங்கப் போனபோது எனக்கு ரெண்டு தோதாக வந்தன. ஒன்று புதுசு, கையடக்கம், விலை குறைவு. பந்தை ஏற்றி உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னொன்று இழுத்து மூடிய ஒரு பௌலிங் கூடத்துச் சாமான். பெயின்ட் உரிந்து கிடந்தது, தூக்க ரெண்டு ஆள் வேண்டும். முழங்கையை ஊன்றி அழுத்தினேன், வேகம் இம்மியும் குறையவில்லை. ஸ்விட்சைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கமும் சுற்றியது. அதையே கொண்டுவந்து நிலவறையில் வைத்தேன்.

"துவைக்கிற மெஷின் பக்கத்துல இதையும் வெச்சா நான் எங்க நிக்கறது?" என்றாள் என் மனைவி மார்லிஸ்.

"படியில நில்லு."

"நின்னு?"

"வர்றவங்ககிட்ட காசு வாங்கு."

காசு வரத்தான் செய்தது. ஓடுபாதையில் பூசும் எண்ணெயைப் பந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். குடித்த பந்து வளைந்து போகாது, மொண்டியாக நேரே ஓடும். வெந்நீரில் ஊறப்போட்டு எண்ணெயைக் கக்கவைத்து, கிண்ணத்தில் ஏற்றிச் சுழலவிட்டு, ஈர உப்புத்தாளால் தேய்த்தால் பழையபடி பிடி வந்துவிடும். எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க வேறு பொழுதுபோக்கு இல்லை. ஆளுக்கொரு பந்து இருக்கிறது.

ஜனவரியில் ஒரு நாள், பகல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, டெல் தன் காரின் பின்பெட்டியைத் திறந்து துண்டில் சுற்றிய பந்தை என் கையில் திணித்தார். துண்டு விறைத்திருந்தது.

"நாளைக்கு மத்தியானம் வருவேன். ஞாயித்துக்கிழமை போட்டி."

"ஒரு ராத்திரி வீட்டுச் சூட்டுல கிடக்கணும் டெல். பனியில உறைஞ்சு போயிருக்கு, உடனே வெந்நீர் பட்டா விரிசல் விடும். நாளைக்குக் காலையில எனக்கு வேலையும் இருக்கு."

"எனக்குக் கதை சொல்லாத, செட். ஒரே ஆட்டத்துல முழு முன்னூறும் அடிச்ச பந்து இது. ஒரு கீறல் விழட்டும், வண்டி என்னுது. மச்சினன் பையன் வேற வண்டி வண்டின்னு உயிர எடுக்கறான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடியுமுன் வார்ப்பாலைக்குப் போக எங்கள் பக்கம் பஸ் கிடையாது. வண்டி போனால் வேலையும் போகும். அதை நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

வீட்டில் ஒரு மணி நேரம் பந்தை வைத்திருந்தேன். தொட்டால் ஜில்லென்றுதான் இருந்தது. பொழுது போய்க்கொண்டிருந்தது. வெந்நீர் வாளியில் இறக்கிவிட்டேன்.

ஊறியதை எடுத்துத் துடைத்து, ஸ்பின்னரில் ஏற்றி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கினேன். வேகத்தில் ஓடும்போது ஒரே ரீங்காரம்தான் கேட்கும். ஸ்விட்சை அணைத்து வேகம் தளரும்போது, விரல் துளைகள் உப்புத்தாளில் தட்டுவது தனித்தனியாகக் காதில் விழும். மூன்று துளை, மூன்று தட்டு. டக், டக், டக். அப்புறம் ஒரு இடைவெளி. இது எனக்குப் பழகிய சத்தம்.

அன்றைக்கு நாலாவதாக ஒன்று கேட்டது. மெல்லியது. துணியில் நகம் மாட்டினாற்போல.

பந்து நின்றது. எனக்குக் குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். நடுவிரல் துளையிலிருந்து கட்டைவிரல் துளைப் பக்கமாக, முடிபோல ஒரு கோடு. நகம் இடறியது.

வாளியில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" துணிக்கூடையோடு இறங்கி வந்தாள் மார்லிஸ்.

காட்டினேன். கூடையைக் கீழே வைத்தாள்.

"பாலிஷ் போட்டா தெரியாது," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டா பொளந்துச்சுன்னா? அத்தன பேர் முன்னாடி?"

"ஏற்கெனவே இருந்துச்சுன்னு சொல்வேன்."

"நம்புவாரா?"

அவள் அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்துக் கோட்டுக்கு நேரே பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செட், நீ இதுல பசை எதாவது விட்டியா?"

"நானா? இல்லியே."

"அப்ப இது என்ன?"

குனிந்தேன். கோட்டுக்குள் மஞ்சளாக, காய்ந்த பிசின் மாதிரி ஒன்று இறுகிக் கிடந்தது. அதற்கும் அடியில் ஓடுபாதை அழுக்கு கருப்பாகப் படிந்திருந்தது. இன்றைக்கு விழுந்த விரிசலில் அழுக்கு எப்படி ஏறும்? எவரோ முன்னமே ஒட்டி, தேய்த்து, மேலே பளபளப்பாகப் பாலிஷ் பூசியிருக்கிறார்கள். என் உப்புத்தாள் அந்தப் பாலிஷை எடுத்துவிட்டது.

பயம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. இன்னும் ஆழமான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பந்து உடைந்தது என்று தெரிந்தே, என் வண்டிக்காக அதை என் கையில் கொடுத்திருக்கிறார் மனுஷர். திங்கட்கிழமை உருகிய இரும்புக் கலயம் என் தலைக்கு மேலே நகரும். அதை நகர்த்தச் சைகை காட்டுவது அவர் கைதான்.

மறுநாள் மத்தியானம் கனத்த பூட்ஸ் சத்தம் படியில் இறங்கியது. டெல் என் முகத்தைப் பார்த்ததும், நான் வாயைத் திறக்குமுன்னே, "என்னடா, ஒடச்சிட்டியா?" என்றார்.

பந்தைப் பார்க்கக்கூட இல்லை.

ஸ்பின்னரைப் போட்டேன். ஈர உப்புத்தாளை வைத்தேன். ரீங்காரம் எழுந்தது. அணைத்தேன்.

"கேளுங்க," என்றேன்.

டக், டக், டக். கூடவே அந்தச் சின்னது.

பந்து நின்றதும் டார்ச்சை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"உள்ள பசை இருக்கு டெல். பழைய பசை."

"நீ ஒட்டியிருப்ப."

"பசைக்குக் கீழ அழுக்கு இருக்கு. ஒரு ராத்திரியில ஏறுற அழுக்கா அது?"

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். ஸ்பின்னருக்கும் சுவருக்கும் நடுவில் எனக்கு நகர இடமில்லை. வார்ப்பாலையில் ஒரு தடவை ஒருவனைக் காலரைப் பிடித்துத் தூக்கியவர். அந்தக் கை என் பக்கத்தில்தான் இருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் பாத்தேன்," என்று மேலேயிருந்து குரல் வந்தது. மார்லிஸ் மேல்படியில் நின்றிருந்தாள். "நான் எவகிட்டயும் சொல்ல மாட்டேன் டெல். எவளாவது கேட்டா மட்டும் எனக்குப் பொய் வராது."

வெள்ளிக்கிழமைதோறும் சர்ச் கூடத்தில் மீன் வறுப்பவள் அவள். ஆட வருகிற அத்தனை பேரின் பெண்டாட்டிகளும் அவளோடு அதே அடுப்படியில்தான் நிற்பார்கள்.

டெல் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு பந்தை. படியின் கைப்பிடிக் கம்பியில் கையை வைத்தார். கம்பி கடகடவென்று ஆடியது. கம்பி லூஸ் இல்லை, எனக்குத் தெரியும், அதை முடுக்கியவன் நான்.

"பாலிஷ் போடு," என்றார்.

"போட்டா மறையும். தாங்குமான்னு சொல்ல மாட்டேன்."

"போடுன்னேன்ல."

போட்டேன். கோடு மறைந்தது. அவர் துண்டில் பந்தைச் சுற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துத் துவைக்கிற மெஷின் மேல் வைத்தார்.

"முழுசும்," என்றார். "மீதி, பாக்கின்னு எதுவும் கிடையாது. இத்தோட வாய மூடிக்கணும், ரெண்டு பேரும்."

படியேறிப் போனார். மார்லிஸ் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் காரின் சத்தம் தேயும்வரை நாங்கள் அசையவில்லை.

"தீந்துச்சுல்ல? இன்னும் ஏன் அங்கயே நிக்கற?" என்றாள்.

பழைய விரிசல்தான். பழைய பசைதான். ஆனால் உறைந்த பந்தை வெந்நீரில் போட்டவன் நான். அந்தப் பசை அதற்கு முன்னால் விட்டுப்போனதா, பின்னால் விட்டுப்போனதா என்று எனக்குத் தெரியாது. மார்லிஸிடம்கூடச் சொல்லவில்லை. ஆறிப்போன வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து உரிமைத்தாளைக் கையில் எடுத்தேன். ஈரக் கட்டைவிரல் என் பெயர்மேல் பதிந்தது. அறுநூற்று நாற்பதும் தீர்ந்திருந்தது.