மாதா கெபியைத் தாண்டிய பிறகு

லூயிஸுக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. காரில் உட்கார்ந்துவிட்டால் அது இரண்டு மடங்காகும். திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்து கிளம்பி முதுநகரைத் தாண்டுவதற்குள், மேப்பில் வழி சொல்லும் பெண்ணையும், கியர் இல்லாத வண்டி ஓட்டுபவர்களையும், போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கும் பிள்ளைகளையும் ஒரு பிடி பிடித்துவிட்டார்.

"நம்ம மவன் லியோ வேலையத்துப் போயி பின்னாடி கேமரா மாட்டி வச்சிருக்கான். கண்ணு இருக்குறவனுக்கு எதுக்குடி கேமரா?"

பக்கத்தில் அவர் மனைவி ஆரோக்கிய ராணி 'உம்' கொட்டினாள். அவள் மனசெல்லாம் சிதம்பரத்தில் இருந்தது. மகள் மேரி ஷாலினிக்குப் பிரசவமாகி இன்று ஐந்தாம் நாள். பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ். தாயையும் பிள்ளையையும் இதே காரில்தான் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும்.

சிப்காட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் மாதா கெபி வந்தது; சின்னக் கல்குகைக்குள் வெள்ளை அங்கியும் நீல முக்காடுமாக மாதா சிலை. ராணி சிலுவை போட்டுக்கொண்டாள். லூயிஸ் போடவில்லை.

முப்பது வருஷமாக இந்த மனிதர் ஒரு கெபியை விட்டதில்லை. எதிரே பஸ் முட்ட வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்துவிடுவார். அதற்காகவே அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். பேச்சு மும்முரத்தில் விட்டுவிட்டார் என்று இப்போது தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அடுத்த கூட்டு ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. வாசலில் பொம்மைக்கு வெள்ளைச் சுடிதார் மாட்டி, தலையில் நீலத் துப்பட்டாவைப் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். லூயிஸ் பேச்சை நிறுத்தினார். வலது கையை எடுத்து, நெற்றியில் வைத்து, நெஞ்சில் வைத்து, பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

வேறு நாளாயிருந்தால் ராணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று அவர் கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, முன்னாடி போற பஸ்ஸு எந்த ஊருக்குப் போவுது?"

"ஏன், நீ ஏறப் போறியா?"

"போர்டப் படிங்கன்னா."

"ஒனக்குப் படிக்கத் தெரியாதா? பேச்சுக் குடுக்காத, ஓட்ட உடு."

பஸ் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கிப் போனது. அது மறைத்திருந்த இடத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று பழுதாகி நின்றிருந்தது. லூயிஸ் வேகத்தைக் குறைக்கவில்லை.

"பிரேக்கு. பிரேக்கு போடுங்க."

கார் கிறீச்சிட்டு நின்றது. கரும்புத் தோகை முன் கண்ணாடியில் உரசியது. இஞ்சின் அணைந்துவிட்டது.

"லைட்டு போடாம நிறுத்தியிருக்கான் பாரு." என்றார் லூயிஸ்.

"பட்டப்பகல்ல லைட்டு எதுக்குங்க?"

சாவியைத் திருகப் போன அவர் கையை ராணி பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடியிலேருந்து. ரெண்டு கண்ணுலயும் பொக மூட்டமா இருக்கு. எடதுல கொஞ்சம் ஜாஸ்தி." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "டாக்டர்கிட்ட போனா வண்டியத் தொடாதம்பாரு. பழகுன ரோடுதான, ஓட்டிடலாம்னு பாத்தேன்."

ராணிக்கு அவரை உலுக்கி எடுத்துவிட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

"திரும்பி வர்றப்ப என் மடியில பச்சப்புள்ள இருக்கும்."

இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க."

அவள் லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாகிறது. லியோ ஊருக்கு வரும்போதெல்லாம் அவனோடு ஓட்டிப் பழகியிருக்கிறாள். இவர் மட்டும் ஒரு நாளும் சாவியைக் கொடுத்ததில்லை. அவள் ஓட்டினால் ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பார். இன்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். பானெட்டைத் தடவிக்கொண்டே இடப்பக்கக் கதவுக்குப் போனார். அதைப் பார்த்ததும் அவள் ஆத்திரம் போய்விட்டது.

கேமராவைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தாள். பிறகு நிதானமாக ரோட்டில் ஏறினாள். பரங்கிப்பேட்டை பிரிவு நெருங்கியபோது லூயிஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"ராணி, பிரிவு தாண்டுனதும் ஒரு கெபி வரும்."

"வரும்."

"வந்தா சொல்லு. நான் போட்டுக்குறேன்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைப்பதற்குக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.